வைரஸ் தொற்றுதானே, மூச்சுக்குழாயில் நியூட்ரோஃபில் ஏன் குவிகிறது?

#1 சளித்துளி

"பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில் ஏறும், வைரஸ் என்றால் லிம்போசைட் ஏறும்." இரண்டும் இரத்த வெள்ளணு வகைகள். இந்த வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாமல் யாரும் நோயியல் தேர்வு எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸால் பிராங்கியோலைட்டிஸ் (நுண் மூச்சுக்குழாய் அழற்சி) முற்றி வென்டிலேட்டர் வரை போன கைக்குழந்தைகளின் நுரையீரல் கழுவுநீரில் செல்களை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய முக்கால் பங்கு நியூட்ரோஃபில். மூக்கு, தொண்டைப் பகுதியில் அதற்கும் மேல். லிம்போசைட் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று சந்தேகங்கள். இவற்றை அங்கே கூப்பிடுவது யார்? வந்த இடத்தில் வைரஸுக்கு எதிராக உருப்படியாக ஏதாவது செய்கின்றனவா? வரவிடாமல் தடுத்தால் நோய் தணியுமா, முற்றுமா? பொதுவாகச் சொல்லாமல் ஆதாரத்தோடு சொல்பவர்கள் சொல்லுங்கள்.

#2 மஜ்ஜை

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

கூப்பிடுவது வைரஸ் புகுந்த எபிதீலிய (மூச்சுக்குழாயின் உள்பரப்பு) செல்லேதான். ஆர்எஸ்வியோ இன்ஃப்ளூயன்சாவோ ரைனோவைரஸோ உள்ளே பெருகத் தொடங்கியதும் அந்த செல்லில் அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி பாதை விழித்துக்கொள்கிறது. ஐஎல்-8 என்ற கீமோகைன் (செல்களை அழைக்கும் சமிக்ஞைப் புரதம்) வெளியே கொட்டுகிறது. நியூட்ரோஃபிலின் மேற்பரப்பில் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 ஆகிய இரண்டு ஏற்பிகளும் அதைத்தான் முகர்ந்துகொண்டு வருகின்றன. ஆக, அழைப்பு மணியை அடிப்பது பாக்டீரியாவா வைரஸா என்று நியூட்ரோஃபில் பார்ப்பதில்லை. அடிபட்ட எபிதீலியம் கூப்பிட்டால் போதும்.

அடுத்தது வேகம். எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. கையிருப்பு எப்போதும் உண்டு. வைரஸுக்கென்றே பழகிய சிடி8 டி-செல் (தொற்றிய செல்லைக் கொல்லும் லிம்போசைட்) நிணநீர் முடிச்சில் தேர்வாகி, பெருகி, நுரையீரலுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும். இயற்கையாக ஆர்எஸ்வி தொற்றிய குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் நோய் உச்சத்தில் இரத்தத்தில் முதிராத நியூட்ரோஃபில்கள் தலைகாட்டுகின்றன. சிடி8 செல்கள் உச்சம் தொடுவது குழந்தை தேறத் தொடங்கிய பிறகு. நோய் முற்றிய நாளில் மாதிரி எடுத்தால் நியூட்ரோஃபில்தான் தெரியும். அந்த நேரத்தில் களத்தில் நிற்பது அது ஒன்றுதான்.

நுரையீரலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மற்ற உறுப்புகளில் இரத்தக்குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, பிறகு நுழைய வேண்டும். நுரையீரலின் நுண் இரத்தக்குழாய்கள் பல இடங்களில் நியூட்ரோஃபிலைவிடக் குறுகலானவை. உடலை ஒடுக்கிக்கொண்டு ஊர்ந்துதான் கடக்க முடியும். அதனால் சாதாரண நாளிலேயே ஒரு பெருங்கூட்டம் அங்கே தங்கியபடி இருக்கிறது. சமிக்ஞை கிடைத்ததும் இறங்க வேண்டியதுதான்.

ஒரு வேடிக்கை: நியூட்ரோஃபில் சுவரைப் பிடித்துக்கொள்ளப் பயன்படுத்தும் ஐகேம்-1 என்ற மூலக்கூறைத்தான் ரைனோவைரஸ்களில் பெரும்பாலானவை செல்லுக்குள் நுழையும் வாசலாக வைத்திருக்கின்றன. அழற்சியில் ஐகேம்-1 கூடும்போது இருவருக்கும் வழி திறக்கிறது.

#3 ஸ்மியர்

இரண்டாம் கேள்விக்குப் போகுமுன் இரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பதை முடித்துவிடலாம். இல்லாவிட்டால் பாதிப் பேர் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்போம்.

விழுக்காட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மொத்த வெள்ளணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் விழுக்காட்டால் (பேண்ட் செல்கள் என்ற முதிராத நியூட்ரோஃபில்களையும் சேர்த்து) பெருக்கி நூறால் வகுத்தால் வருவதுதான் முழு எண்ணிக்கை. மொத்தம் 3,000, நியூட்ரோஃபில் 75% என்றால் 2,250தான். அது இயல்பான அளவு. "75 சதவீதம் ஏறியிருக்கிறது" என்று ஆன்டிபயாட்டிக் எழுதும் இடம் இதுதான். அங்கே நடந்தது லிம்போசைட் சரிந்தது, நியூட்ரோஃபில் ஏறவில்லை. இன்ஃப்ளூயன்சாவிலும் கோவிட்டிலும் இது அடிக்கடி வரும் தோற்றம்.

குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவுகோலைக் கொண்டுபோகாதீர்கள். பிறந்த நாலைந்து நாளில் ஒரு முறையும், நாலைந்து வயதில் இன்னொரு முறையும் நியூட்ரோஃபில் கோடும் லிம்போசைட் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இடைப்பட்ட காலம் முழுவதும் லிம்போசைட் கை ஓங்கியிருப்பதுதான் இயல்பு. எட்டு மாதக் குழந்தைக்கு 60% லிம்போசைட் என்பதில் "வைரஸ்" என்று படிக்க எதுவும் இல்லை.

ஸ்டீராய்டு கொடுத்த பின் எடுத்த இரத்தமா என்று கேளுங்கள். டெக்சாமெத்தசோன் உள்ளே போன நாலைந்து மணி நேரத்தில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்துக்கு வந்துவிடும். லிம்போசைட்டும் ஈசினோஃபிலும் (ஒவ்வாமையில் கூடும் வெள்ளணு) கீழே போகும். இந்தப் புதிய விகிதத்தை வைத்து "நோய் முற்றுகிறது" என்று படித்தால் மருந்தைத்தான் படிக்கிறீர்கள். ஸ்லைடைப் பாருங்கள். பேண்ட் செல்கள் கூடி, துகள்கள் கரடுமுரடாகி, டோலே திட்டுகள் (செல்லுக்குள் வெளிர்நீலத் திட்டுகள்) தெரிந்தால் உண்மையான தூண்டல் இருக்கிறது. அவை எதுவும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் முதலில் ஸ்டீராய்டையும் உடல் அழுத்தத்தையும் சந்தேகியுங்கள்.

வெள்ளணுவை மூன்று பிரிவாக மட்டும் எண்ணும் கருவி தரும் ரிப்போர்ட்டில் ஈசினோஃபில், மோனோசைட், பேசோஃபில் மூன்றும் ஒரே "மிட்" கட்டத்தில் கிடக்கும். அதிலிருந்து ஈசினோஃபில் பற்றிப் பேச முடியாது.

இன்னொரு பொறி. ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் சிலருடைய நியூட்ரோஃபில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி குறைத்து எண்ணும். ஸ்லைடின் ஓரத்தில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் சிட்ரேட் குழாயில் திரும்ப எடுத்து, வந்த எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள், ஒன்பதுக்கு ஒன்று நீர்த்ததற்காக. ஈடிடிஏ இரத்தத்தை ஒரு நாள் மேசையில் வைத்துவிட்டு ஸ்லைடு போட்டால் கரு உருண்டு, குமிழ் விட்டு, எல்லாமே நோயாளி செல் போலத் தெரியும். நாலு மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள்.

#4 ஐயவாதி

> அந்த நேரத்தில் களத்தில் நிற்பது அது ஒன்றுதான்

களத்தில் நிற்பதாலேயே போர் புரிகிறது என்று ஆகிவிடுமா? தீ விபத்து நடந்த இடத்தில் எப்போதும் தீயணைப்பு வண்டி நிற்கும். அதுதான் தீ வைத்தது என்பதும் தவறு, அதுதான் அணைத்தது என்பதும் நிரூபணம் வேண்டிய கூற்று. நீக்கிப் பார்த்த சோதனை என்ன சொல்கிறது?

#5 மஜ்ஜை

நியாயமான கேள்வி. நீக்கிப் பார்த்த சோதனைகள் பெரும்பாலும் எலியில். அவற்றைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எந்த ஆன்டிபாடி என்பதை.

பழைய கட்டுரைகள் ஆர்பி6-8சி5 என்ற குளோனை (ஆன்டிபாடி வகையை) பயன்படுத்தின. "ஜிஆர்-1 ஆன்டிபாடி" என்று எழுதியிருப்பார்கள். அது நியூட்ரோஃபிலின் மேற்பரப்புப் புரதமான எல்ஒய்6ஜியோடு, வேறு செல்களிலும் இருக்கும் எல்ஒய்6சியையும் பிடிக்கும். ஆகவே நியூட்ரோஃபிலோடு அழற்சி மோனோசைட்டுகள், பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் செல்கள், விழித்த சிடி8 செல்களில் ஒரு பங்கு எல்லாம் சேர்ந்து போய்விடும். அதன் பின் எலி செத்தால் யார் இல்லாததால் செத்தது என்று சொல்ல முடியாது. 1ஏ8 குளோன் எல்ஒய்6ஜியை மட்டும் பிடிக்கும். அதை வைத்து இன்ஃப்ளூயன்சாவில் செய்தபோதும் நியூட்ரோஃபில் இல்லாத எலிகளுக்கு வைரஸ் கூடியது, எடை கூடுதலாக இழந்தன, நுரையீரல் வீக்கம் மோசமானது. ஆகவே இன்ஃப்ளூயன்சாவில் அவை வேலை செய்கின்றன என்று துணிந்து சொல்லலாம்.

ஆர்எஸ்வி கதை வேறு. 2020இல் வந்த எலி ஆய்வில் எல்ஒய்6ஜி ஆன்டிபாடியால் நீக்கியபோது வைரஸ் அளவிலும் நோயின் உச்சத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் ஆர்எஸ்விக்கு எலி நல்ல இருப்பிடம் கிடையாது. மூக்கில் லட்சக்கணக்கான வைரஸ் துகள்களை ஊற்றினாலும் பெருக்கம் குறைவு, கைக்குழந்தையின் நுண் மூச்சுக்குழாய் அடைப்பு அங்கே உருவாவதே இல்லை. அதற்கு மேல் எலிக்கு ஐஎல்-8 மரபணுவே கிடையாது, அதன் நியூட்ரோஃபிலில் டிஃபென்சின் என்ற கிருமிக்கொல்லிப் புரதம் கிடையாது. மனித இரத்தத்தில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில். எலி இரத்தத்தில் கால் பங்குகூடத் தேறாது. "எலியில் மாற்றம் இல்லை" என்பதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

#6 சோதனைக்குழாய்

1ஏ8 பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். நீக்கம் நடந்ததா என்று அதே 1ஏ8இன் நிறமேற்றிய வடிவத்தால் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (நிறமேற்றிய செல்களை எண்ணும் கருவி) பார்ப்பது பரவலான தவறு. உள்ளே போன ஆன்டிபாடி ஏற்கெனவே எல்ஒய்6ஜியை மூடிக்கொண்டிருக்கும். நிறமேற்றியது ஒட்ட இடமிருக்காது. செல் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் திரையில் "நீங்கிவிட்டது". செல்லைத் துளையிட்டு உள்ளே இருக்கும் எல்ஒய்6ஜியை நிறமேற்றுங்கள், அல்லது 1ஏ8ஐயே (அது ரேட் என்ற பெரிய எலியின் ஆன்டிபாடி) பிடிக்கும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியால் சரிபாருங்கள். கூடவே மஜ்ஜை சும்மா இராது. எல்ஒய்6ஜி குறைவாக உள்ள இளம் செல்களைத் தள்ளிவிடும். அவை இந்த ஆன்டிபாடிக்குச் சிக்காது. சில நாள் தாண்டும் சோதனைகளில் இதனால் நீக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

#7 ஐயவாதி

சரி, இன்ஃப்ளூயன்சாவில் எப்படி உதவுகிறது? விழுங்குவதாலா?

#8 மஜ்ஜை

விழுங்குவதும் உண்டு. செத்த எபிதீலிய செல்லின் துண்டுகளை, உள்ளே வைரஸோடு, விழுங்கிவிடும். மனித நியூட்ரோஃபிலின் எச்என்பி வகை டிஃபென்சின்கள் வைரஸ் துகள்களைக் கட்டியாக்கி உள்ளே நுழையவிடாமல் செய்கின்றன. எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது வழிகாட்டும் வேலை. 2015இல் வெளியான எலி ஆய்வு: இன்ஃப்ளூயன்சா தொற்றிய மூச்சுக்குழாயில் நகரும் நியூட்ரோஃபில்கள் தம் பின்பகுதியிலிருந்து சிறு சவ்வுத் துணுக்குகளை விட்டுச் செல்கின்றன, அவற்றில் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன். பின்னால் வரும் சிடி8 செல்கள் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே தொற்றிடம் சேர்கின்றன. முன்னால் போனவன் புல்லை மிதித்துப் போன ஒற்றையடிப் பாதை மாதிரி. நியூட்ரோஃபில் இல்லாவிட்டால் சிடி8 வருகை குறைகிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, இன்ஃப்ளூயன்சாவிலும் ஆர்எஸ்வியிலும் இறந்த கைக்குழந்தைகளின் நுரையீரல் திசுவை ஆராய்ந்தபோது வைரஸ் ஏராளம், மேக்ரோஃபேஜும் (கிருமியை விழுங்கும் செல்) நியூட்ரோஃபிலும் ஏராளம், சிடி8 ஏறக்குறைய இல்லை. டி-செல் வெறி பிடித்துக் குழந்தையைக் கொல்கிறது என்ற பழைய விளக்கம் அங்கே பொருந்தவில்லை.

#9 வார்டு_வாசி

படுக்கையருகே இதற்கு என்ன பொருள்?

கைக்குழந்தையின் நுண் மூச்சுக்குழாயின் ஆரம் பாதியானால் காற்றோட்டத் தடை பதினாறு மடங்கு (சீரான ஓட்டத்தில்). அடைப்பது செத்த எபிதீலியம், சளி, வீக்கம், நியூட்ரோஃபிலும் அது விட்ட டிஎன்ஏவும். எனவே நியூட்ரோஃபிலை நிறுத்தினால் குழந்தை தேறும் என்று நினைப்பது இயல்பு. நிறுத்த எல்லோர் கையிலும் இருப்பது ஸ்டீராய்டு. பயன் இல்லை. 20 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 600 குழந்தைகளுக்கு டெக்சாமெத்தசோன் கிலோவுக்கு 1 மி.கி. கொடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் அனுமதி விகிதமும் மூச்சுத்திணறல் மதிப்பெண்ணும் மாறவில்லை.

ஏன் என்பதற்கு விடை செல்லிலேயே இருக்கிறது. ஸ்டீராய்டு ஈசினோஃபிலைத் தற்கொலைக்குத் தள்ளும். நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டும். ஈசினோஃபில் நிறைந்த ஆஸ்துமாவில் வேலை செய்வதும் நியூட்ரோஃபில் நிறைந்த பிராங்கியோலைட்டிஸில் கைவிரிப்பதும் ஓரளவு இதனால்தான். ஓரளவு என்றுதான் சொல்வேன், முழு விளக்கம் இது ஆகாது.

அப்படியானால் கோவிட்டில் எப்படி? 2020இல் ரெக்கவரி என்ற மருந்து ஆய்வு: டெக்சாமெத்தசோன் நாளொன்றுக்கு 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் 28 நாள் இறப்பு 41.4%இலிருந்து 29.3% ஆனது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2%இலிருந்து 23.3%. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் பயன் இல்லை. எண் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அங்கே அடக்கப்பட்டது மேக்ரோஃபேஜ், சைட்டோகைன் (அழற்சிச் சமிக்ஞைப் புரதம்), இரத்தக்குழாய்ச்சுவர் என்று பரந்த வட்டம். ஒரே மருந்து, ஒரே "சுவாச வைரஸ்", வேறு வேறு நாள், வேறு வேறு செல். நாளைத் தவறவிட்டால் மருந்தும் தவறிவிடும்.

ஆன்டிபயாட்டிக் பற்றி: சளியில் நியூட்ரோஃபில் இருப்பது பாக்டீரியாவுக்குச் சான்று ஆகாது. பச்சை மஞ்சள் நிறமும் ஆகாது; அந்தப் பச்சை மையலோபெராக்சிடேஸ் என்ற நியூட்ரோஃபில் நொதியின் நிறம். அடினோவைரஸ் இதில் பெரிய ஏமாற்றுக்காரன்: உயர் காய்ச்சல், இரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏற்றம், சிஆர்பி (இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) ஏற்றம், எல்லாம் பாக்டீரியா வேடம். ஆனால் குழாய் இட்டு வென்டிலேட்டரில் இருக்கும் ஆர்எஸ்வி குழந்தைக்குக் கீழ்ச் சுவாசப் பாதையில் பாக்டீரியாவும் இருக்கும் வாய்ப்பு கணிசம். அங்கே கல்ச்சர் அனுப்பி, ஆன்டிபயாட்டிக் தொடங்கி, 48 மணி நேரத்தில் முடிவு பார்த்து, பாக்டீரியா வளரவில்லையென்றால் நிறுத்துவதில் தவறில்லை.

#10 வலைமுடிச்சு

டிஎன்ஏ என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். அதுதான் இந்த விவாதத்தின் சதைப்பற்று.

2004இல் பெர்லின் மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தில் பிரிங்க்மன், சைக்லின்ஸ்கி குழுவினர் விவரித்தார்கள்: நியூட்ரோஃபில் தன் குரோமட்டினை (ஹிஸ்டோன் புரதத்தில் சுற்றிய டிஎன்ஏ) அவிழ்த்து, அதில் புரதத்தை வெட்டும் எலாஸ்டேஸ், மையலோபெராக்சிடேஸ் எல்லாவற்றையும் பூசி, வலையாக வெளியே வீசுகிறது. பிஏடி4 என்ற நொதி ஹிஸ்டோனின் ஆர்ஜினினை சிட்ருல்லினாக மாற்றுவது அவிழ்ப்பதில் ஒரு முக்கியப் படி. 2016இல் தீவிர ஆர்எஸ்வி குழந்தைகளின் கழுவுநீரிலும் ஆர்எஸ்வி தொற்றிய கன்றுகளின் மூச்சுக்குழாய்களிலும் இந்த வலைகள் குழாயை அடைத்துக் கிடப்பதைக் காட்டினார்கள். வலை வைரஸ் துகளைப் பிடிக்கிறது. பிடித்த கையோடு குழாயையும் அடைக்கிறது. கோவிட்டில் அதே வலை நுரையீரலின் சிறு இரத்தக்குழாய்களில் தட்டணுக்களோடு சேர்ந்து உறைகட்டியாகிறது.

#11 ஐயவாதி

அப்படியென்றால் வலையை வெட்ட டோர்னேஸ் ஆல்ஃபா என்ற டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) இருக்கிறதே. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பிறவி நோய்) பல்லாண்டாகப் பயன்படுத்துகிறார்கள். நெபுலைசரில் போட்டால் முடிந்தது?

#12 வலைமுடிச்சு

போட்டார்கள். ஆக்சிஜன் தேவைப்பட்ட ஆர்எஸ்வி குழந்தைகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. மருத்துவமனையில் இருந்த நாளும் ஆக்சிஜன் தேவைப்பட்ட காலமும் குறையவில்லை.

என் கணிப்பில் மூன்று காரணங்கள், ஒன்றையொன்று இழுக்கின்றன. அடைத்த குழாய்க்குள் காற்று போகாது, நெபுலைசர் துளியும் போகாது. திறந்திருக்கும் குழாயில்தான் மருந்து படிகிறது. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் அடைப்பில் டிஎன்ஏ ஒரு பங்குதான். செத்த எபிதீலியமும் மியூசினும் (சளியின் புரதம்) வீக்கமும் டிஎன்ஏஸ் வெட்டும் சரக்கு இல்லை. மூன்றாவது சங்கடமானது: டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும்வரை எலாஸ்டேஸ் ஓரளவு கட்டுண்டிருக்கும். வலையை வெட்டினால் எலாஸ்டேஸும் ஹிஸ்டோனும் அவிழ்ந்துவிடும். எலாஸ்டேஸை அடக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் கையிருப்பு போதவில்லையென்றால் விடுபட்ட எலாஸ்டேஸ் எபிதீலியத்தைத்தான் தின்னும்.

#13 சளித்துளி

எலாஸ்டேஸையே தடுத்தால்?

#14 மஜ்ஜை

அதுவும் பார்த்தாகிவிட்டது. எலாஸ்டேஸ் உள்ளிட்ட நொதிகளை மஜ்ஜையில் கூர்தீட்டுவது டிபிபி1 என்ற நொதி. அதைத் தடுக்கும் பிரென்சோகாட்டிப் மருந்தை மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 25 மி.கி. வீதம் 28 நாள் கொடுத்தார்கள்; 29ஆம் நாளில் நோய்நிலை மேம்படவில்லை. இதே மருந்து பிராங்கியெக்டேசிஸில் (மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும் நோய்) தீவிரத் தாக்குதல்களைக் குறைக்கிறது. 2025இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதியும் கிடைத்தது. வித்தியாசம் நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். மருந்து வேலை செய்வது செல் உருவாகும் மஜ்ஜையில். கோவிட் நோயாளி படுக்கைக்கு வரும்போது ஆயுதம் தீட்டிய செல்கள் ஏற்கெனவே நுரையீரலில் இறங்கிவிட்டன. புதிதாகப் பிறப்பவற்றின் வாளை மழுங்கடித்து என்ன பயன்? ஆண்டுக்கணக்கில் ஓடும் நோயில் மட்டும் அந்தக் கணக்கு பலிக்கிறது.

#15 வார்டு_வாசி

நேரம் என்ற பேச்சு வந்ததால்: தொற்றுக்கு முன்பே மூக்கில் நியூட்ரோஃபில் விழித்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மனிதர்களிலேயே விடை இருக்கிறது. பெரியவர்களாகிய தன்னார்வலர்களின் மூக்கில் ஆர்எஸ்வியை வேண்டுமென்றே விட்டுப் பார்த்த ஆய்வு, 2020. வைரஸ் விடும் முன்பே சளிச்சவ்வில் நியூட்ரோஃபில் செயல்பாட்டின் அடையாளங்கள் இருந்தவர்களுக்குத்தான் தொற்று அதிகம் பிடித்தது. அந்தப் பின்னணியில் ஐஎல்-17 போன்ற ஆரம்ப எச்சரிக்கைச் சமிக்ஞை அடங்கிப் போகிறது. காவலர் கூட்டம் முன்கூட்டியே கூடிக் கத்திக்கொண்டிருந்தால் திருடன் வந்த சத்தம் கேட்காது.

#16 ஐயவாதி

இன்ஃப்ளூயன்சாவில் இவ்வளவு நியூட்ரோஃபில் வந்தும் பிறகு நிமோகாக்கஸ் பாக்டீரியா ஏன் உள்ளே புகுந்து ஆடுகிறது? 1918 இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு பாக்டீரியா நிமோனியா இருந்தது திசு மாதிரிகளில் தெரிகிறதே.

#17 மஜ்ஜை

வந்தவை களைத்துப் போகின்றன என்பது ஒரு பகுதி. வைரஸ் பட்ட நியூட்ரோஃபிலின் கொல்லும் திறன் குறைகிறது, சீக்கிரம் சாகிறது. பெரிய பகுதி வேறு. வைரஸை அடக்கப் பொங்கும் முதல் வகை இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதம், நியூட்ரோஃபிலை அழைக்கும் சிஎக்ஸ்சிஎல்1, சிஎக்ஸ்சிஎல்2 கீமோகைன்களின் உற்பத்தியை அழுத்துகிறது (எலியில்). ஆக இரண்டாவதாக பாக்டீரியா வரும்போது அழைப்பு மணி பலமாக அடிப்பதில்லை. எலியில் வைரஸ் கொடுத்து ஏறக்குறைய ஏழாம் நாளில் நிமோகாக்கஸ் கொடுத்தால்தான் அடி பலம். முதல் நாளில் கொடுத்தால் அவ்வளவு இல்லை.

#18 வார்டு_வாசி

மனிதரில் அதன் நிழல்: காய்ச்சல் இறங்கி ஓரிரு நாள் தேறி, திரும்பவும் காய்ச்சல், புது மார்வலி, நிறம் மாறிய சளி. அப்போது இரத்தத்தில் நியூட்ரோஃபில் ஏறினால் வாய்ப்பாட்டை நம்பலாம். ஏறாமல் சரிந்தால் இன்னும் பயப்பட வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் நிமோனியாவில் வெள்ளணு சரிவு கெட்ட குறி.

#19 ஈசின்

யாரும் ஈசினோஃபிலைத் தொடவில்லை. ஆர்எஸ்வி பேசிவிட்டு 1966இன் தடுப்பூசிக் கதையை விட முடியாது. ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வி தடுப்பூசி போட்ட கைக்குழந்தைகளில், பிறகு இயற்கையாகத் தொற்று வந்தபோது 80% பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 5%. இரண்டு குழந்தைகள் இறந்தன. அவர்களின் நுரையீரலில் ஈசினோஃபில் என்று பல பத்தாண்டுகள் பாடப்புத்தகம் சொன்னது. பின்னாளில் அந்தத் திசுவைத் திரும்பப் பார்த்தபோது மேலோங்கியிருந்தவை நியூட்ரோஃபிலும் ஒற்றைக்கரு செல்களும் (லிம்போசைட், மோனோசைட் போன்றவை). எலியில் கண்ட ஈசினோஃபில் கூட்டத்தை மனிதக் குழந்தை மேல் ஏற்றிப் படித்ததும் இந்தக் குழப்பம் நீடிக்க ஒரு காரணம்.

ஈசினோஃபிலுக்கு நல்ல பக்கமும் உண்டு. அதன் துகளில் இருக்கும் ஈடிஎன் ஒரு ஆர்என்ஏ வெட்டி. ஆர்எஸ்வி ஆர்என்ஏ வைரஸ். சோதனைக்குழாயில் ஈசினோஃபில் ஆர்எஸ்வியின் தொற்றும் திறனைக் குறைக்கிறது, அதில் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. உடலுக்குள் எவ்வளவு என்பது வேறு கேள்வி.

#20 சளித்துளி

ஆய்வகத்தில் நியூட்ரோஃபிலைப் பிரித்தெடுத்து வைரஸோடு வைத்துப் பார்க்க வேண்டுமானால் எங்கே வழுக்கும்?

#21 சோதனைக்குழாய்

எல்லா இடத்திலும். வரிசையாகச் சொல்கிறேன்.

இரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குங்கள். உறையவைத்து நாளை பார்க்கலாம் என்பது லிம்போசைட்டுக்கு. நியூட்ரோஃபில் உறைபதனத்தில் பிழைக்காது. 3% டெக்ஸ்ட்ரானில் இருபது முப்பது நிமிடம் சிவப்பணுவைப் படியவிட்டு, மேல்திரவத்தை 1.077 அடர்த்தி ஃபைக்கால் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) மேல் மெதுவாக ஊற்றி, 400 ஜி, 30 நிமிடம், அறை வெப்பம், பிரேக் இல்லாமல் சுழற்றுங்கள். பிரேக் போட்டால் அடுக்கு கலங்கும். இடைப்பட்ட வெண்வளையம் லிம்போசைட், மோனோசைட். உங்களுக்கு வேண்டியது அடியில். மிஞ்சிய சிவப்பணுவை உடைக்க 0.2% உப்புநீர், முப்பது விநாடி, உடனே அதே அளவு 1.6% உப்புநீர். அறுபது விநாடி ஆனால் நியூட்ரோஃபிலும் உடையும். 10 மி.லி. இரத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று கோடி செல் வரை எதிர்பார்க்கலாம்.

கால்சியம், மெக்னீசியம் இல்லாத திரவத்தில் வையுங்கள், சோதனை தொடங்கும்போது மட்டும் சேருங்கள். வோர்டெக்ஸ் வேண்டாம். திரவத்தில் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) துளி இருந்தாலும் செல் விழித்து, அதன் மேற்பரப்பில் சிடி62எல் உதிர்ந்து சிடி11பி ஏறிவிடும். சோதனைக்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் அளப்பது வைரஸையா உங்கள் கையையா என்று தெரியாது. அடியில் கிடைத்ததில் ஈசினோஃபிலும் இருக்கும். ஒவ்வாமை உள்ளவரின் இரத்தமானால் அது பத்து சதவீதம்கூட இருக்கலாம். அப்போது ஆர்என்ஏ வெட்டியது யார் என்று மேலே ஈசின் கேட்பார்.

வலை அளக்க சைட்டாக்ஸ் பச்சை என்ற டிஎன்ஏ சாயம் மட்டும் போதாது. சவ்வு உடைந்து செத்த எல்லா செல்லும் பச்சையாகும். சிட்ருல்லின் ஹிஸ்டோன்-3ம் மையலோபெராக்சிடேஸும் ஒரே இழையில் சேர்ந்து நிறமேற வேண்டும். ஊடகத்தில் சீரம் போட்டிருந்தால் அதிலுள்ள நியூக்ளியேஸ் வலையைத் தின்றுவிடும். பிறகு "வைரஸ் வலையை உண்டாக்கவில்லை" என்று எழுதுவீர்கள்.

இன்னொன்று, கோவிட் காலத்தில் பலரும் விழுந்த குழி. உறையவைத்த ஒற்றைக்கரு செல்களில் ஒற்றைச்செல் ஆர்என்ஏ பார்த்துவிட்டு "நியூட்ரோஃபில் பங்கு இல்லை" என்று படிப்பது. அந்த மாதிரியில் நியூட்ரோஃபிலே கிடையாது, அடியில் போய்விட்டது. புது இரத்தத்தில் பார்த்தாலும் அதில் ஆர்என்ஏ குறைவு, நொதி அதிகம். "குறைந்தபட்சம் 500 மரபணு" என்ற வடிகட்டி அவற்றைக் குப்பையில் தள்ளும். தீவிர கோவிட்டில் அடர்த்தி குறைந்த இளம் நியூட்ரோஃபில்கள் வெண்வளையத்துக்கே ஏறி வந்தன. அதனால்தான் முதலில் கண்ணில் பட்டன.

#22 ஸ்மியர்

கழுவுநீர் எண்ணுபவர்களுக்கு: பெரியவரின் இயல்பான கழுவுநீரில் மேக்ரோஃபேஜ் 85%க்கு மேல், லிம்போசைட் 10 முதல் 15, நியூட்ரோஃபில் 3க்குள், ஈசினோஃபில் 1க்குள். முதல் பகுதியைத் தனியே வையுங்கள், அது பெரிய குழாயைக் கழுவிய நீர், நியூட்ரோஃபில் கூடுதலாகக் காட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினால் ஆல்வியோலையில் (காற்று நுண்ணறைகளில்) இல்லாத அழற்சி உங்கள் ரிப்போர்ட்டில் பிறக்கும்.

#23 சளித்துளி

கடைசியாக ஒன்று. இவ்வளவு கெடுதல் செய்கிறதென்றால், நியூட்ரோஃபில் இல்லாத கீமோ நோயாளிக்கு ஆர்எஸ்வி லேசாக வர வேண்டுமே?

#24 வார்டு_வாசி

வருவதில்லை. ஸ்டெம் செல் மாற்று நோயாளிகளுக்கான ஆர்எஸ்வி ஆபத்து மதிப்பெண்ணில் நியூட்ரோஃபில் 500க்குக் கீழ் என்றால் 3 புள்ளி, லிம்போசைட் 200க்குக் கீழ் என்றால் 3 புள்ளி. 40 வயதும் அதற்கு மேலும் 2. மீதமுள்ள காரணிகளுக்குத் தலா 1. இரண்டு செல்லுக்கும் சமமான கனம். நியூட்ரோஃபில் இல்லாமலும் நுரையீரல் நீர் கோத்து ஏஆர்டிஎஸ் (கடும் மூச்சுச் செயலிழப்பு) வரும். எண்ணிக்கை திரும்ப ஏறும் நாட்களில் மூச்சு திடீரென்று மோசமாவதும் உண்டு, ஜி-சிஎஸ்எஃப் (நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் மருந்து) ஊசி ஓடும்போது இதைக் கண்காணிக்க வேண்டும்.

#25 ஐயவாதி

ஒப்புக்கொள்கிறேன், தீயணைப்பு வண்டி உவமையைத் திரும்பப் பெறுகிறேன். வண்டி தண்ணீரும் அடிக்கிறது, வீட்டையும் இடிக்கிறது. சளியில் ஐஎல்-8 அளக்க நினைப்பவர்களுக்கு ஏதாவது எச்சரிக்கை உண்டா?

#26 சோதனைக்குழாய்

உண்டு. சளியைக் கரைக்க 0.1% டிடிடி என்ற வேதிப்பொருள், சளியின் எடைக்கு நான்கு மடங்கு, 15 நிமிடம் ஆட்டி, அதே அளவு பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக்கரைசல்) சேர்த்து, 48 மைக்ரான் நைலான் வலையில் வடித்து, 790 ஜி 10 நிமிடம் சுழற்றுவது வழக்கமான முறை. டிடிடி டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும். அளக்கும் புரதமும் உங்கள் எலைசா (ஆன்டிபாடியால் புரதம் அளக்கும் சோதனை) ஆன்டிபாடியும் அதே பிணைப்பில்தான் நிற்கின்றன. ஸ்டாண்டர்ட் கோட்டை வரையும்போது அதே செறிவு டிடிடியை ஸ்டாண்டர்டிலும் கலந்து ஓட்டுங்கள். ஒரு மாதிரியில் தெரிந்த அளவு ஐஎல்-8ஐக் கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். மிகக் குறைவாகத் திரும்பினால் எலாஸ்டேஸ் அதை வெட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது மாதிரி எடுத்த கையோடு புரோட்டியேஸ் தடுப்பான் சேர்க்க வேண்டும், மறுநாள் சேர்த்துப் பயனில்லை.